ஹாஜிகளுக்கு நிழல் விரித்தவர்: பொறியாளர் பஸ்லுர் ரஹ்மான் கான்



ஹஜ்ஜுடைய மாதங்கள் நெருங்கினால் இஹ்ராம், தவாப், ஸஃயு, அரபாவில் தங்குதல், கல்லெறிதல் என்று அமல்களின் சட்டங்களை விளக்குவது நம் வழக்கம். அவை எல்லாம் நாம் செய்ய வேண்டியவை. ஆனால் இலட்சக்கணக்கான ஹாஜிகள் அந்த அமல்களை அமைதியாக நிறைவேற்ற வேண்டும் என்பதற்காக வேறு சிலர் ஓர் ஆயுள் காலம் உழைத்திருக்கிறார்கள். அவர்களைப் பற்றி நாம் பேசுவது குறைவு. ஜித்தாவில் விமானம் விட்டு இறங்கிய நம் ஊர் ஹாஜிகள் ஊர் திரும்பியதும் ஒரு காட்சியைத் தவறாமல் சொல்வார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெள்ளைக் கூடாரங்கள், அவற்றின் கீழே உலகத்து மொழிகள் எல்லாம் பேசும் மக்கள், வெயிலின் கடுமை தெரியாத நிழல். அந்த நிழலை அமைத்தவர்களில் முதன்மையான ஒருவரின் வரலாற்றை இம்மாதம் வாசகர்கள் முன் வைக்கிறோம். அவர் பெயர் பஸ்லுர் ரஹ்மான் கான்.

பிறப்பும் கல்வியும்

பஸ்லுர் ரஹ்மான் கான் 1929-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள் டாக்கா நகரில் பிறந்தார். அன்று அது பிரிக்கப்படாத இந்தியாவின் வங்காள மாகாணத்தைச் சேர்ந்த ஊர். தந்தையார் அப்துர் ரஹ்மான் கான் கணித ஆசிரியர். கணிதப் பாடநூல்கள் எழுதியவர். கல்வித் துறையில் உயர்ந்த பொறுப்புகளை வகித்தவர். கணக்கை மனப்பாடமாக அன்றி, ஏன் எதற்கு என்று கேட்டுக் கற்கும் பழக்கம் மகனுக்கு வீட்டிலேயே கிடைத்தது.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் கல்கத்தாவை அடுத்த ஷிப்பூரில் இருந்த வங்காளப் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தார். நாடு பிரிந்தது. 1950-இல் வங்காளத்தின் இரு பக்கங்களிலும் வகுப்புக் கலவரம் மூண்டது. படிப்பைப் பாதியில் விட்டு டாக்காவுக்குத் திரும்பும் நிலை வந்தது. அங்கே அஹ்ஸனுல்லாஹ் பொறியியல் கல்லூரியில் பட்டப் படிப்பை முடித்தார். கலவரத்தால் கல்வி குலைந்துபோன இளைஞர்கள் அக்காலத்தில் எத்தனையோ பேர். இவர் அந்தத் தடையைத் தாண்டினார். சிறிது காலம் நெடுஞ்சாலைத் துறையில் பணியாற்றினார். படித்த கல்லூரியிலேயே ஆசிரியராகவும் இருந்தார்.

1952-இல் உதவித் தொகை பெற்று அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக் கழகத்துக்குச் சென்றார். மூன்றே ஆண்டுகளில் இரண்டு முதுகலைப் பட்டங்களும் ஒரு டாக்டர் பட்டமும் பெற்றார். 1955-இல் சிகாகோ நகரில் ஸ்கிட்மோர், ஓவிங்ஸ் அண்டு மெரில் என்னும் புகழ் பெற்ற கட்டட அமைப்பு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். இடையில் தாயகம் திரும்பிக் கராச்சி நகர வளர்ச்சிக் கழகத்தில் பணி செய்தார். பிறகு 1960-இல் மீண்டும் சிகாகோவுக்கே போனார். அன்னாரின் பெரும் பணிகள் எல்லாம் அதற்குப் பின் வந்தவையே.

விரயமில்லாத உயரம்

உலகம் அவரை அறிந்திருப்பது வானளாவிய மாடிகளால். ஆனால் அவர் உயரத்தின் மீது மோகம் கொண்டவர் என்று எண்ணிவிடக் கூடாது. குறைந்த பொருளைக் கொண்டு நிறைந்த பயனைப் பெறுவது எப்படி என்பதே அவர் தம் வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த கேள்வி.

உயர்ந்த கட்டடத்துக்குப் பெரிய பகை அதன் சொந்தப் பாரம் அன்று. பக்கவாட்டில் வந்து மோதும் காற்று. பழைய முறையில் மாடி ஏற ஏறக் காற்றைத் தாங்குவதற்கென்று எஃகை அள்ளிக் கொட்ட வேண்டியிருந்தது. கான் மூங்கிலை ஒத்த ஒரு வழியைக் கண்டார். மூங்கிலின் உள்ளே வெற்றிடம். வலிமை எல்லாம் வெளிச் சுவரில் இருக்கிறது. அதனால்தான் புயலில் மற்ற மரங்கள் விழும்போதும் மூங்கில் வளைந்து நிமிர்கிறது. அதுபோலத் தூண்களை வெளிப்புறத்தில் நெருக்கமாக நிறுத்திக் கட்டடம் முழுவதையும் ஒரே குழாயாக நிற்கச் செய்தார். குழாய் அமைப்பு என்று இன்று பொறியியல் மாணவர்கள் பாடமாகப் படிப்பது இதைத்தான்.

1969-இல் முடிந்த 100 மாடி ஜான் ஹான்காக் கட்டடத்தில் வெளிச் சுவர்களிலேயே பெரிய பெருக்கல் குறி வடிவில் எஃகுச் சட்டங்களை ஓடவிட்டார். நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 206 கிலோ எஃகு தேவைப்பட்டது. ஹான்காக் கட்டடத்துக்குச் சுமார் 145 கிலோவே போதுமானதாயிற்று. அடுத்து, ஒன்பது குழாய்களை ஒரு கட்டாகக் கட்டியது போன்ற 110 மாடி சியர்ஸ் கோபுரம். 442 மீட்டர் உயரமுள்ள அது 1973-இல் உச்சியை எட்டியது முதல் 1998 வரை உலகின் மிக உயர்ந்த கட்டடம் என்ற பெயரைத் தாங்கி நின்றது. இன்று அதன் பெயர் வில்லிஸ் கோபுரம். இவ்விரண்டிலும் கட்டடக் கலைஞர் புரூஸ் கிரஹாம் அவருக்குத் துணை நின்றார்.

ஓடுகிற ஆற்றங்கரையில் உட்கார்ந்து உளூச் செய்தாலும் தண்ணீரை விரயம் செய்யலாகாது என்று நாம் ஓதியிருக்கிறோம். பாலாற்றங்கரையில் வாழ்ந்து, அந்த ஆறு வறண்டு கிடப்பதையும் கண்டுவிட்ட செவிலிமேட்டு மக்களுக்கு அந்தப் போதனையின் பொருளை விளக்க வேண்டியதில்லை. பணம் மிகுந்த நாட்டில், எஃகு மலிந்த ஊரில், ஒரு பொறியாளர் ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்குப் பார்த்தார் என்றால் அது அந்தப் போதனைக்கு மிக நெருங்கிய செயல் அல்லவா?

1971-இல் கிழக்கு வங்காளம் இரத்தத்தில் மிதந்தபோது கான் தம் வேலையோடு நின்றுவிடவில்லை. சிகாகோவில் பங்களாதேஷ் அவசர உதவி அமைப்பு ஒன்றை உருவாக்கி, அகதிகளுக்காக நிதி திரட்டினார். உச்சிக்கு ஏறியவர் ஊரை மறக்கவில்லை.

துணி எப்படிக் கூரையாகிறது?

இனி ஜித்தாவுக்குப் போகுமுன், துணியால் கட்டடம் எழுப்பும் கலையைச் சற்று அறிந்துகொள்வோம். அதை அறிந்தால்தான் அங்கே செய்யப்பட்டது எத்தகைய வேலை என்பது விளங்கும்.

கல்லும் செங்கல்லும் நசுக்குதலைத் தாங்கும். ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தால் நிற்கும். துணி அப்படியன்று, அதை நிற்க வைக்க முடியாது, இழுத்துப் பிடிக்கத்தான் முடியும். இழுவைதான் அதன் உயிர். இதைப் பட்டுத் தறியோடு பழகிய காஞ்சி வட்டார மக்கள் எளிதில் உணர்வார்கள். அதிகாலையில் தெருவில் பாவு நீட்டும்போது இரு முனையிலும் சம இழுப்பு இருக்க வேண்டும். ஒரு பக்கம் தளர்ந்தால் இழைகள் சிக்குண்டு போகும். ஒரு பக்கம் அளவுக்கு மீறினால் அறுந்து போகும். தறியில் ஏறிய பின்பும் அதே கதைதான். பாவு விறைப்பாக நின்றால்தான் ஊடை ஒழுங்காகப் படியும். கூடாரக் கூரைக்கும் இதுவே முதல் விதி. தளர்ந்த துணி காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டு தன்னைத் தானே கிழித்துக்கொள்ளும். விறைத்த துணி அசையாமல் நிற்கும்.

இரண்டாவது விதி வளைவு. தட்டையாக இழுத்துக் கட்டிய துணி எவ்வளவு விறைப்பாக இருந்தாலும் காற்று வீசினால் உப்பி எழும். மழை பெய்தால் குழிந்து நீர் தேங்கும். ஆகவே ஒட்டகச் சேணம் போல ஒரு திசையில் மேல் நோக்கியும் குறுக்குத் திசையில் கீழ் நோக்கியும் வளைத்து இழுக்கிறார்கள். அப்போது காற்று மேலே தூக்கினால் ஒரு வரிசை இழை தடுக்கும்; பாரம் கீழே அழுத்தினால் மறு வரிசை இழை தாங்கும். பாலைவனத்து மக்கள் ஏட்டுக் கணக்கு இல்லாமலேயே இதைச் செய்து வந்தார்கள். அந்நஹ்ல் அத்தியாயத்தில் அல்லாஹு தஆலா தன் அருட்கொடைகளை எண்ணிக் காட்டும் இடத்தில், பயணத்திலும் தங்குதலிலும் சுமப்பதற்கு இலேசான தோல் கூடாரங்களையும் சேர்த்துக் கூறியிருப்பதை ஆலிம்கள் அறிவார்கள்.

துணிக் கூரையில் இன்னொரு வகையும் உண்டு. அதற்குத் தூணே கிடையாது, காற்றுத்தான் தூண். சுற்றிலும் துணியை மண்ணோடு இறுகக் கட்டிவிட்டு, விசிறி யந்திரங்களால் உள்ளே காற்றைச் செலுத்திக்கொண்டே இருந்தால், உள்ளழுத்தம் வெளியழுத்தத்தைவிடச் சிறிதளவு கூடி, கூரை பந்து போல் உப்பி நிற்கும். அந்தக் கூடுதல் மிகச் சிறியது. உள்ளே இருப்பவருக்கு அது தெரியவும் செய்யாது. 1970-இல் ஜப்பானின் ஓஸாக்கா நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் டேவிட் கைகர் என்னும் அமெரிக்கப் பொறியாளர் 142 மீட்டர் நீளமும் 83 மீட்டர் அகலமும் கொண்ட கூரையை இவ்வாறு காற்றின் மேல் நிறுத்திக் காட்டினார். தூணில்லாத பெரிய விளையாட்டு அரங்குகளுக்கு இம்முறை பின்னர் பரவியது. ஆனால் இதற்கு ஒரு பலவீனம் இருக்கிறது. விசிறி நிற்கக் கூடாது, கதவு திறந்தே கிடக்கக் கூடாது, கூரையில் கிழிசல் விழக் கூடாது. 2010 டிசம்பரில் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் இத்தகைய அரங்கு ஒன்றின் கூரை பனிப் பாரத்தால் கிழிந்து உள்ளே சரிந்தது. அந்நேரம் உள்ளே கூட்டம் இல்லாதது பெரும் பேறாயிற்று.

ஓஸாக்காவுக்குப் பிறகு மற்றொரு முன்னேற்றமும் வந்தது. கண்ணாடியை மயிரிழையினும் மெல்லிய நூலாக இழுத்து, அந்த நூலைப் பாவும் ஊடையுமாக நெய்து, இரு பக்கமும் டெஃப்லான் பூசிய துணி அது. சாதாரணக் கித்தான் சில ஆண்டுகளில் வெயிலில் நைந்து போகும். இது பல பத்தாண்டுகள் தாங்கும். தூசி ஒட்டாது. தீயில் கொழுந்து விட்டு எரியாது. வெயிலின் பெரும் பகுதியைத் திருப்பி அனுப்பிவிட்டு, சிறு அளவு வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடும். 1973-இல் கலிஃபோர்னியாவில் லாவெர்ன் கல்லூரிக் கட்டடத்தில் நிரந்தரக் கூரையாக முதன் முதலில் ஏறிய இத்துணி, சில ஆண்டுகளில் ஹாஜிகளின் தலைக்கு மேல் வந்து சேர்ந்தது.

ஜித்தாவின் நிழல்

ஒரு காலத்தில் ஹாஜிகள் கப்பலில் வந்து ஜித்தாத் துறைமுகத்தில் இறங்கினார்கள். 1970-களில் விமானப் பயணம் பெருகியது. ஜித்தாவில் புதிய விமான நிலையம் அமைக்கும் பொறுப்பு கான் பங்காளியாக இருந்த நிறுவனத்துக்கு வந்தது. அதில் ஹாஜிகளுக்கென்று தனி நிலையம் ஒன்று தேவைப்பட்டது.

அந்தத் தேவையை எண்ணிப் பார்த்தால் அது எவ்வளவு சிக்கலானது என்று தெரியும். ஆண்டில் சில வாரங்கள் மட்டும் மனித வெள்ளம். மற்ற மாதங்களில் வெறுமை. வருகிறவர்களில் பலர் முதியவர்கள். பலர் வாழ்நாளில் முதல் முறை விமானம் ஏறியவர்கள். இஹ்ராம் உடையில், தூக்கமில்லாத களைப்பில், மக்காவுக்கு வண்டி கிடைக்கும் வரை பல மணி நேரம் காத்திருக்க வேண்டும். திரும்பும்போது காத்திருப்பு இன்னும் நீளம்; அதை 36 மணி நேரம் வரை எனக் கணக்கிட்டார்கள். ஒரே நேரத்தில் 80,000 பேர் தங்க வேண்டும். அவர்கள் சமைப்பார்கள், உறங்குவார்கள், ஜமாஅத்தாகத் தொழுவார்கள். இத்தனை பேருக்கும் சுவர் எழுப்பி, கான்கிரீட் கூரை போட்டு, குளிர்சாதனம் வைத்தால் செலவு மலை போல் ஏறும். சில வாரங்களின் பயனுக்காக ஆண்டெல்லாம் பராமரிக்க வேண்டும். யந்திரம் பழுதானால் உள்ளே இருப்போர் வெந்து போவார்கள்.

இந்தக் கேள்விக்குக் கிடைத்த விடை கூடாரம். காற்றால் உப்பிய கூரை இங்கே பொருந்தாது. நான்கு பக்கமும் திறந்து, கடற்காற்று உள்ளே உலவ வேண்டிய இடம் இது. ஆகவே இழுத்துக் கட்டிய கூடாரமே ஏற்றது.

45 மீட்டர் உயர எஃகுத் தூண்கள் நடப்பட்டன. தூண்களிலிருந்து தொங்கும் கம்பி வடங்கள் ஒவ்வொரு கூடாரத்தின் உச்சியிலும் உள்ள எஃகு வளையத்தைத் தூக்கிப் பிடிக்கின்றன. ஒவ்வொரு கூடாரமும் 45 மீட்டர் நீளம், 45 மீட்டர் அகலம். தரையிலிருந்து 20 மீட்டர் உயரத்தில் தொடங்கும் துணி வளையத்தை நோக்கிக் கூம்பாக எழுகிறது. 21 கூடாரங்கள் சேர்ந்து ஒரு தொகுதி. மொத்தம் 10 தொகுதிகள். ஆக 210 கூடாரங்கள். அவை நிழல் தரும் பரப்பு ஏறத்தாழ 105 ஏக்கர். சூடான காற்று இயல்பாகவே மேலே ஏறி, உச்சி வளையத்தின் திறப்பு வழியாக வெளியேறுகிறது. அதன் இடத்தை நிரப்பக் கீழே பக்கங்களிலிருந்து காற்று உள்ளே வருகிறது. இந்தப் பரந்த காத்திருப்புப் பகுதியின் நிழலுக்குக் குளிர்சாதனம் தேவையில்லை. வெளியே அனல் பறக்கும்போதும் உள்ளே பல பாகை வெப்பம் குறைந்திருக்கும். பகலில் விளக்கும் வேண்டாத அளவுக்குத் துணியின் வழியே மெல்லிய வெளிச்சம் இறங்குகிறது.

விமான நிலையம் 1981-இல் திறக்கப்பட்டது. ஹான்காக் கட்டடத்தில் எஃகைக் குறைத்த அதே மனம் இங்கே சுவரையும் யந்திரத்தையும் குறைத்திருக்கிறது.

இங்கே மார்க்கச் சட்டம் ஒன்றையும் சொல்லிச் செல்வது நலம். இஹ்ராமில் இருக்கும் ஆண்கள் தலையை மூடக் கூடாது என்பதால் கூரையின் கீழ் இருக்கலாமா என்று சிலர் தயங்குகிறார்கள். தலையில் ஒட்டி மறைக்கும் துணி, தொப்பி, தலைப்பாகை ஆகியவையே தடை. கூடாரம், கூரை, குடை ஆகியவற்றின் நிழலில் இருப்பதற்கு நம் நாட்டில் பின்பற்றப்படும் ஹனபீ, ஷாபிஈ ஆகிய இரு மத்ஹபுகளிலும் தடையில்லை. அண்ணலார் (ஸல்) அவர்கள் தம் இறுதி ஹஜ்ஜில் அரபா நாளன்று நமிராவில் தமக்காக அடிக்கப்பட்ட கூடாரத்தில் தங்கினார்கள் என்பது ஜாபிர் (ரலி) அவர்களின் நீண்ட அறிவிப்பில் உள்ளது. ஆகவே வெயிலில் நின்று உடலை வருத்திக்கொள்வதில் தனிச் சிறப்பு ஏதும் இல்லை. 2024-ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது கடும் வெப்பத்தில் 1,301 பேர் மரணமடைந்ததாகச் சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் முறையான அனுமதியின்றி வந்து, தங்குவதற்கு நிழலில்லாமல் நேர் வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். நிழல் என்பது சொகுசு அன்று. அங்கே அது உயிர்.

சாட்சியத்தில் நேர்மை

இந்த இடத்தில் வாசகர்களிடம் ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இத்தகைய வரலாறுகளை எழுதும் நம்மவர்கள் எல்லாவற்றையும் ஒரு முஸ்லிமே தனித்துச் செய்தார் என்று எழுதி மகிழ்வதுண்டு. அது அழகன்று. வரலாறு சொல்வது சாட்சி சொல்வது. சாட்சியத்தில் நீதி பேணுவது நம் மீது கடமை.

ஹஜ் நிலையத்தின் கட்டடக் கலைஞர்களில் தலையாயவர் கார்டன் பன்ஷாஃப்ட். துணிக் கூரையின் நுணுக்கமான கணக்குகளில் முன்னர்ச் சொன்ன டேவிட் கைகரும், அவருடைய கூட்டாளி ஹார்ஸ்ட் பெர்கரும் பெரும் பங்கு வகித்தார்கள். கண்ணாடி இழைத் துணியை உருவாக்கிய தொழிற்சாலையினர் இருக்கிறார்கள். சுடுமணலில் தூண் நட்டு வடம் இழுத்த தொழிலாளர்கள் இருக்கிறார்கள். கான் இவர்களிடையே கட்டமைப்புப் பொறியியலின் தலைமைப் பொறுப்பைத் தாங்கியவர். இவ்வளவு சொன்னால் அவர் மதிப்புக் குறைந்துவிடுமா? குறையாது. பல நாட்டவரும் பல சமயத்தவரும் கூடிச் செய்த வேலையில் தம் பங்கை நிறைவாகச் செய்தார் என்பதே அவருக்குப் பெருமை. ஒரே இழையால் துணி ஆகாது என்பதை நெசவாளர் ஊர்க்காரர்களுக்கு நாம் சொல்லித் தர வேண்டுமா?

மினாவில் கற்ற பாடம்

ஜித்தாவில் 1981-இல் ஏறிய துணியின் அருமை மினாவில் 1997-இல் புலப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் மினாவின் கூடாரங்களில் தீப் பிடித்தது. அவை எளிதில் எரியும் பருத்திக் கூடாரங்கள். பலத்த காற்றில் தீ ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவியது. அதிகாரபூர்வக் கணக்கின்படி 343 ஹாஜிகள் மரணமடைந்தார்கள். ஏறத்தாழ 1,500 பேர் காயமுற்றார்கள். அவர்களில் நம் நாட்டவர் பலர். அதற்குப் பின்னரே மினாவின் கூடாரங்கள் டெஃப்லான் பூசிய கண்ணாடி இழைத் துணிக்கு மாற்றப்பட்டன. இன்று மினாவில் நம் ஹாஜிகள் தங்குவது அத்தகைய தீத் தாங்கும் கூடாரங்களில்தான்.

இதை வெளிநாட்டுச் செய்தியாக மட்டும் படித்துவிடலாகாது. 2004-ஆம் ஆண்டு ஜூலை 16-இல் கும்பகோணத்தில் பள்ளிக்கூடத்தின் கீற்றுக் கூரை எரிந்து 94 குழந்தைகள் மாண்டதைத் தமிழகம் மறக்க முடியாது. நம் ஜமாஅத்துகளில் பெருநாள் தொழுகைக்கும், நிக்காஹ் மஜ்லிஸுக்கும், ரமளான் நோன்புக் கஞ்சிக்கும் ஷாமியானா கட்டுகிறோம், பந்தல் போடுகிறோம். அடுப்பு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? மின்கம்பி துணியை உரசுகிறதா? கயிற்றின் முளை ஆழமாக அடிக்கப்பட்டிருக்கிறதா? பெண்கள் பகுதிக்கு இரண்டாவது வழி உண்டா? இவற்றைக் கேட்பது பள்ளிவாசல் நிர்வாகிகளின் அமானிதம். கூரை போட்டவன் அதன் கீழ் அமர்ந்தவரின் உயிருக்குப் பொறுப்பாளி.

வபாத்

கான் தம் கடைசி ஆண்டுகளில் ஜித்தாவுக்கு அடிக்கடி பயணம் செய்தார். 1982-ஆம் ஆண்டு மார்ச் 27-இல் அப்படிச் சென்றிருந்தபோது ஜித்தாவிலேயே மாரடைப்பால் உயிர் நீத்தார். 53 வயது நிறைய ஒரே ஒரு வாரம் இருந்தது. ஹாஜிகளுக்காகத் தாம் நிழல் அமைத்த அதே ஊரில் அன்னாரின் ஆயுள் முடிந்தது. ஜனாஸா அமெரிக்காவுக்குக் கொண்டு செல்லப்பட்டு, சிகாகோவில் நல்லடக்கம் செய்யப்பட்டது. மனைவி லீஸலோட்டையும் மகள் யாஸ்மினையும் விட்டுச் சென்றார். மகளும் தந்தை வழியில் கட்டமைப்புப் பொறியாளரானார். தந்தையின் பணிகளைப் பற்றி நூலும் எழுதினார்.

1983-இல் ஹஜ் நிலையத்துக்கு ஆகா கான் கட்டடக் கலை விருது கிடைத்தது. 1999-இல் பங்களாதேஷ் அரசு கானுக்கு அவர் மறைவுக்குப் பின் சுதந்திர தின விருது வழங்கியது. கால் நூற்றாண்டு கடந்தும் சிறந்து விளங்கும் கட்டடத்துக்கு அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகம் தரும் விருதை 2010-இல் அதே ஹஜ் நிலையம் பெற்றது. துணி தானே, எத்தனை நாள் நிற்கும் என்று கேட்டவர்களுக்கு அதுவே பதில்.

நமக்குள்ள படிப்பினை

கானை நாம் வலிமார் வரிசையில் நிறுத்தவில்லை. அவருடைய அமல்களை எடை போடுவது படைத்தவனின் வேலை, நம் வேலையன்று. ஆனால் அவர் விட்டுச் சென்ற பணியிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இருக்கிறது.

ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் கல்வியைப் பற்றிப் பேசும் பகுதியில், சமுதாயத்தில் சிலராவது கற்றே தீர வேண்டிய பர்ளு கிபாயாக் கலைகளை எண்ணுகிறார்கள். மருத்துவமும் கணக்கும் அதில் வருகின்றன, விவசாயமும் வருகிறது, நெசவும் வருகிறது. ஆம், தறியில் உட்காரும் தொழிலை அந்த மாபெரும் இமாம் கடமைகளின் பட்டியலில் வைத்தார்கள். யாருமே அதைச் செய்யாவிட்டால் ஊர் முழுவதும் குற்றவாளியாகும் என்பது அதன் கருத்து. அப்படியானால் இலட்சக்கணக்கான ஹாஜிகளின் உயிரைக் காக்கும் கூரையைக் கணக்கிடும் கலை அந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்குமா?

நம் வீடுகளில் இன்னும் ஒரு தவறான எண்ணம் உலவுகிறது. பிள்ளை மதரஸாவில் ஓதினால் அது தீன். பொறியியல் கல்லூரியில் படித்தால் அது துன்யா என்று கோடு கிழித்து வைத்திருக்கிறோம். மதரஸாவில் ஓதி வந்த நாமே சொல்கிறோம்: இந்தக் கோடு சரியன்று. நிய்யத்துச் சரியில்லாவிட்டால் கிதாபு ஓதுவதும் துன்யாவாகிவிடும். நிய்யத்துச் சரியாக இருந்து, விரயமின்றி, ஏமாற்றின்றி, தன் வேலையால் பயன் பெறப்போகும் மனிதனை நினைத்துச் செய்தால், வடம் இழுக்கும் வேலையும் அல்லாஹ்வின் விருந்தினருக்குச் செய்யும் கித்மத்தாகிவிடும். அந்த விருந்தினர் உங்கள் பெயரை அறிய வேண்டியதில்லை. ஜித்தாவின் நிழலில் தல்பியா ஓதிக்கொண்டு அமர்ந்திருக்கும் ஹாஜிகளில் எத்தனை பேருக்கு கானின் பெயர் தெரியும்? பெயர் தெரியாததால் நிழல் குறைந்துவிடவில்லை.

இவ்வாண்டு ஹஜ்ஜுக்குச் செல்லும் சகோதர சகோதரிகளே! ஜித்தாவில் இறங்கினால், வண்டிக்குக் காத்திருக்கும் நேரத்தில் பொறுமை இழந்து சச்சரவிடாதீர்கள். ஹஜ்ஜில் வீண் தர்க்கம் கூடாது என்பதை நினைவில் கொள்ளுங்கள். ஒரு முறை அண்ணாந்து பாருங்கள். அந்த வெள்ளைத் துணியின் ஒவ்வோர் இழையும் தன் பங்கு இழுவையைத் தாங்கிக்கொண்டிருப்பதால்தான் உங்களுக்கு நிழல் கிடைத்திருக்கிறது. அதைக் கணக்கிட்டவர்களுக்காகவும், நெய்தவர்களுக்காகவும், வெயிலில் நின்று கட்டியவர்களுக்காகவும் நன்றி நினையுங்கள். மர்ஹூம் பஸ்லுர் ரஹ்மான் கானுக்காக துஆச் செய்யுங்கள்.

அல்லாஹு தஆலா அன்னாரின் பிழைகளை மன்னித்து, ஹாஜிகளுக்கு நிழல் தந்தவருக்குத் தன் அர்ஷின் நிழலைத் தருவானாக! நம் பிள்ளைகளில் மக்களுக்குப் பயன் தரும் கல்வியுடையோரை உருவாக்குவானாக! ஆமீன்.